ரட்கர்ஸ் மைதானத்தில் ஒரு காலைப்பொழுது

எனது பத்திரிகை வாழ்க்கை விளையாட்டுப் பக்கத்தில்தான் ஆரம்பமானது. பாடசாலைகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டியொன்றுக்கு முதன்முதலாக என்னை அனுப்பிவைத்த ஆசிரியபீடத்து மூத்தவர் ஒருவர், சைக்கிளில் ஏறப்போன என்னை மறித்து ஒரு பாடம் சொன்னார். "பந்தைப் பார்க்கச் சனம் வரும். நீ பந்து இல்லாத இடத்தைப் பார். செய்தி அங்கைதான் கிடக்கும்" என்றார். அன்று அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது வருடங்கள் கழித்து, உலகின் மறுபக்கத்தில், ஒரு பல்கலைக்கழக அணியின் பயிற்சியைப் பார்க்கச் சென்ற காலைப்பொழுதில் அந்தப் பாடம் எனக்கு மீண்டும் தேவைப்பட்டது.

அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஓர் ஓகஸ்ட் மாதம் அது. பேரனுக்குப் பதினான்கு வயது. செப்ரெம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு, அதாவது அங்கு உயர்நிலைப் பள்ளி என்று சொல்லப்படும் பள்ளிக்குப் போகவிருந்தான். அந்தப் பள்ளியின் புட்போல் அணியில் சேர்வதற்கான விண்ணப்பப் படிவம் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒரு வாரமாக அந்த வெற்றிடத்தைச் சுற்றியே வீட்டில் பேச்சும், பேச்சின்மையும் நடந்துகொண்டிருந்தன.

"ரட்கர்ஸ்காரர் சனிக்கிழமை பயிற்சியைச் சனத்துக்குத் திறந்து விடுகினமாம். இவன் போகப்போறன் எண்டு நிக்கிறான். நீங்களும் கூடப் போங்கோ அப்பா" என்றாள் மகள். சற்று நேரம் கழித்து, "பார்த்திட்டு வந்து, இது வேண்டாம் எண்டு நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கமாட்டான். அம்மப்பா சொன்னால் கேப்பான்" என்று சேர்த்துச் சொன்னாள்.

அவள் அறியாத சிக்கல் ஒன்று அதில் இருந்தது. நானும் அந்த அணியின் இரசிகன். அதற்குப் பொறுப்பாளி என் மருமகன். அவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2006 நவம்பர் 9 ஆம் திகதி இரவு, நாட்டின் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த லூயிவில் அணியை ரட்கர்ஸ் 28க்கு 25 என்று வென்றபோது, மைதானத்துக்குள் ஓடி இறங்கிய மாணவர் கூட்டத்தில் அவரும் ஒருவர். ஜெரமி இட்டோ என்ற உதைப்பாளர் முதலில் உதைத்த பந்து குறி தவறியது. எதிரணியின் தவறு காரணமாக மறுபடியும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஆட்டம் முடிய 13 விநாடிகள் இருக்கையில் இரண்டாவது உதை கம்பங்களுக்கிடையே போனது. இந்தக் கதையை மருமகன் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. நியூஜேர்சிக்கு வரும்போதெல்லாம் சனிக்கிழமைகளில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து, ஆட்டத்தின் விதிகளையும் தோல்விகளின் கசப்பையும் நானும் கற்றுக்கொண்டேன். ரட்கர்ஸ் இரசிகனுக்குத் தோல்வி பழக்கமான உறவினர்.

எமக்கு உதைபந்து என்றால் காலால் ஆடுவது. அமெரிக்கர் புட்போல் என்று சொல்வது, பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதும், எறிவதும், ஏந்தி ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவதுமான ஆட்டம். பெயருக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முன்னர் நான் நகைத்ததுண்டு. விடை இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1869 நவம்பர் 6 ஆம் திகதி நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் மாணவர்களும் பிரின்ஸ்டன் மாணவர்களும் அணிக்கு 25 பேராக மோதினார்கள். அமெரிக்கக் கல்லூரி புட்போலின் முதலாவது ஆட்டம் அதுவே என்பர். அன்று பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட அனுமதி இல்லை. காலால் உதைக்கலாம், கையால் தட்டலாம். எமது உதைபந்துக்கே அது கிட்டிய உறவு. ரட்கர்ஸ் 6க்கு 4 என வென்றது. தம்மை அடையாளம் காட்டுவதற்காக ரட்கர்ஸ் மாணவர் சிலர் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்களாம். அந்தச் சிவப்பே இன்றும் அணியின் நிறம். ஒரு வாரத்தின் பின் பிரின்ஸ்டனில் நடந்த மறு ஆட்டத்தில் 8க்கு 0 என்று தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை பேரனும் நானும் பிஸ்கட்டவேயில் உள்ள அரங்குக்குப் போய்ச் சேர்ந்தோம். அரங்கில் 52,000 பேருக்கு மேல் அமரலாம். அன்று வந்திருந்தவர்கள் ஒரு மூலைக்கும் காணாது. அனுமதி இலவசம். சிவப்புச் சட்டை அணிந்த முதியவர்கள், தோளில் குழந்தையைச் சுமந்த தகப்பன்மார், கைவிசிறியுடன் வந்த பெண்மணிகள். எமது ஊர்க் கோயிலில் திருவிழாவுக்கு முந்திய நாள், பந்தல் போடுவதைப் பார்ப்பதற்கென்றே வந்து குந்தியிருக்கும் கூட்டத்தை அவர்கள் நினைவூட்டினார்கள். திருவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள். பந்தல் போடுவதைப் பார்க்க வருபவர்களே உண்மையான அடியார்கள்.

ஊதுகுழல் ஒலித்ததும் நூறு பேருக்குக் கிட்டிய அணி பல கூறுகளாகப் பிரிந்து, மைதானத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கு ஓடியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊதுகுழல் ஒலிக்கும். உடனே எல்லாரும் அடுத்த வேலைக்கு ஓடுவார்கள். நடந்து போகிறவர் எவரும் இல்லை. முந்நூறு இறாத்தல் எடையுள்ள முன்வரிசைக்காரர்கள் ஒரே இடத்தில் நின்று, பாதங்களை மிகக் குறுகிய அடிகளாக எடுத்து வைத்துப் பழகினார்கள். அத்தனை பெரிய உடலை அத்தனை சிறிய அடிகளால் நகர்த்துவதைத் தொலைக்காட்சியில் நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அங்கு கமரா எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடும். இன்னொரு பக்கத்தில், பந்தை ஏந்தி ஓடுபவர்கள் மனிதச் சுவரில் திறந்து மூடும் இடைவெளியைத் தேடி ஓடப் பழகினார்கள். சிறுவயதில் கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு அந்த ஓட்டம் விளங்கும். கோட்டில் மறித்து நிற்பவனின் கண்ணைப் பார்த்து, அவன் ஒரு பக்கம் சாயும் கணத்தில் மறுபக்கத்தால் பாயும் அதே சூட்சுமம்.

என்னை வியப்பில் ஆழ்த்தியது மோதுவதற்கான பயிற்சி. மனிதரை மனிதர் மோதுவார்கள் என்று நினைத்திருந்தேன். பயிற்றுநர் ஒருவர் வண்டிச் சில்லுப் போன்ற பெரிய பஞ்சு வளையத்தை உருட்டிவிட, வீரர் ஓடிச் சென்று தோளால் அதை அணைத்து, அதனுடன் சேர்ந்து புரண்டு வீழ்ந்தார். "தலையை வெளியே வை, கண்ணை மேலே வை" என்று பயிற்றுநர் ஓயாமல் கத்தினார். தலை குனிந்து மோதுபவனின் கழுத்தெலும்பு முறியும் என்பதால் அந்தக் கத்தல். இரண்டு மணித்தியாலப் பயிற்சியில் முழு வேகத்தில் ஆளை ஆள் வீழ்த்திய நேரத்தை என் கைக்கடிகாரத்தில் கணக்கிட்டேன். இருபது நிமிடத்துக்கும் குறைவு.

இது பயிற்றுநர்களின் நல்லெண்ணத்தால் மட்டும் நடந்த மாற்றம் அன்று. ஒரு நாளில் இரண்டு தடவை முழுப் பயிற்சி நடத்தும் பழைய வழக்கத்தை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2017 இல் தடை செய்தது. பருவத்துக்கு முந்திய பயிற்சியில் முழு மோதலுக்கு அனுமதிக்கப்பட்ட நாட்களை 2021 இல் 21 இலிருந்து 9 ஆகக் குறைத்தது. எந்த ஒரு நாளிலும் அது 75 நிமிடங்களைத் தாண்டக்கூடாது என்றது. ஒடுங்கிய பாதையில் இருவரை நேருக்கு நேர் நிறுத்தி முட்டவைக்கும் 'ஒக்லஹோமா' என்ற பழைய பயிற்சியையும் ஒழித்தது. முதல் சில நாட்கள் தலைக்கவசம் மட்டும், பின்னர் தோள் கவசம், அதன் பின்னரே முழுக்கவசம் என்று வெயிலுக்கு உடலைப் பழக்கும் ஒழுங்கும் உண்டு. இந்த விதிகளில் பல, யாரோ ஒரு தாய் அழுத பிறகு எழுதப்பட்டவை. ரட்கர்ஸ் ஆடும் அதே 'பிக் ரென்' கூட்டமைப்பைச் சேர்ந்த மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், 2018 மே 29 ஆம் திகதி பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்தால் விழுந்த ஜோர்டன் மக்நெயர் என்ற 19 வயது மாணவர் ஜூன் 13 ஆம் திகதி இறந்தார்.

பழைய ஆசிரியரின் பாடம் நினைவுக்கு வந்தது. பந்து இல்லாத இடத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

எல்லைக் கோட்டுக்கு வெளியே, பனிக்கட்டி மிதந்த பெரிய நீர்த்தொட்டி ஒன்று தயாராக இருந்தது. வெப்பத்தில் வீழ்பவரை உடனே அதில் இறக்குவார்கள். அதற்கு அப்பால், ஆளைக் கிடத்திக் கொண்டுபோகக்கூடிய சிறு வாகனம் ஒன்று. சாரதி இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். முழங்காலில் கட்டுப்போட்ட ஒரு மாணவர் சக்கரம் ஓடாத சைக்கிளை மிதித்தபடி, கூட்டாளிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கண்ணாடி மறைப்புடன் தனியே நின்றார். தலையில் அடிபட்டவருக்கு வெளிச்சம் ஆகாது என்று பேரன் விளக்கினான். அதை அவன் எங்கே படித்தான் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு இரண்டு வரிசை கீழே ஒரு பெண்மணி தனியாக அமர்ந்திருந்தார். ஒவ்வொரு மோதலின்போதும் அவரது வலது கை தானாகவே எழுந்து நெஞ்சைத் தொட்டது. யாருடைய தாய் என்று கண்டுபிடிக்க எனக்கு நெடுநேரம் செல்லவில்லை. அவரது பார்வை எந்த வீரரைப் பின்தொடர்ந்தது என்பதே போதுமாக இருந்தது.

பயிற்சி முடிவதற்குக் கால்மணித்தியாலம் இருக்கையில் அது நடந்தது. பந்தைத் தாவிப் பிடித்த ஒரு மெலிந்த மாணவரை, குறுக்கே ஓடிவந்த மற்றொருவர் இடித்தார். மேசையில் பெரிய அகராதியைத் தட்டையாகப் போட்டது போன்ற ஒரு சத்தம். தொலைக்காட்சியில் அந்தச் சத்தம் வருவதில்லை. மெலிந்தவர் எழும்பவில்லை. ஊதுகுழல் ஒலித்தது, மைதானத்தில் நின்ற அனைவரும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அமர்ந்தார்கள். சிறு வாகனத்தின் எஞ்சின் இயங்கத் தொடங்கியது. இரண்டு நிமிடங்கள் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் எழுந்து உட்கார்ந்தார். இருவர் தோளில் கைபோட்டு நடந்து வெளியேறினார். கூட்டம் கைதட்டியது. இடித்த மாணவர் மட்டும் முழங்காலிட்ட இடத்திலிருந்து கடைசியாகத்தான் எழுந்தார்.

நான் பேரனின் முகத்தைப் பார்த்தேன். அச்சத்தை எதிர்பார்த்தேன். அங்கு அச்சம் இல்லை. கண்கள் விரிந்து, உதடுகள் சற்றுப் பிரிந்து, தானும் அந்தப் புல்லில் நிற்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். இளவயதில், நகரின் ஏதோவொரு பக்கத்தில் புகை எழுகிறதென்று கேள்விப்பட்டதும் சைக்கிளை எடுத்த என் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"எரிக் லெகிராண்ட் யாரெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"52 ஆம் நம்பர். தெரியும் அம்மப்பா. எல்லாருக்கும் தெரியும்."

2010 ஒக்டோபர் 16 ஆம் திகதி, இராணுவக் கல்லூரி அணிக்கு எதிரான ஆட்டத்தில், உதைக்கப்பட்ட பந்தை ஏந்தி ஓடிவந்தவரை வீழ்த்தப் பாய்ந்தார் லெகிராண்ட். வயது 20. கழுத்தின் மூன்றாவது, நான்காவது எலும்புகள் முறிந்தன. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அடுத்த வருடம் ஒக்டோபரில், பனி கொட்டிய மைதானத்தில் சக்கர நாற்காலியில் அணிக்கு முன்னே வந்தார். 2014 இல் பட்டம் பெற்றார். 2013 இல் அவரது 52 ஆம் இலக்கத்தை இனி எவரும் அணிவதில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. ரட்கர்ஸின் நீண்ட புட்போல் வரலாற்றில் அந்த மரியாதை முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. அன்று அவரது பயிற்றுநராக இருந்த கிரெக் ஷியானோ 2012 இல் தொழில்முறை அணியொன்றுக்குப் போனபோது, ஆடமுடியாத லெகிராண்டை அந்த அணியில் பெயரளவில் ஒப்பந்தம் செய்தார். 2019 டிசெம்பரில் ஷியானோ மீண்டும் ரட்கர்ஸுக்கு வந்தார். அன்று காலை மைதானத்தின் நடுவில் விசிலுடன் நின்றவர் அவர்தான். அடிபட்ட மாணவருக்காக எல்லாரும் முழங்காலிட்டிருந்த அந்த இரண்டு நிமிடங்களில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் யோசித்தேன்.

"அவர் ஒரு ஹீரோ" என்றான் பேரன்.

"ஓம். ஹீரோ தான். ஆனால் அவர் ஹீரோவாக வர விரும்பிப் பாயேல்லை ராசா. ஆளைப் பிடிக்கத்தான் பாய்ஞ்சவர்."

அவன் பதில் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்ததும் வீரர்கள் வேலியோரம் வந்து கையொப்பமிட்டார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், குனிந்து பேரனின் தொப்பியில் எழுதினார். பழக்கதோஷம்; நான் என் பேட்டியை ஆரம்பித்தேன். எந்த வயதில் ஆடத் தொடங்கினீர் என்று கேட்டேன். ஏழு வயதில் என்றார். உம்முடைய தாயார் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இன்றைக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவார் ஐயா. ஆனால் பந்து நகரத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். ஆட்டம் முடிந்த பிறகு என்ன நடந்தது என்று என்னிடமே கேட்பார்" என்றார். அந்தப் பதிலை மகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்று வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தேன்.

காரில் ஒரு சமாதான முயற்சியும் செய்துபார்த்தேன். பேரன் எமது உதைபந்தை நன்றாக ஆடுபவன். "நீ உதைப்பாளராகச் சேரலாமே? உன்ர அப்பா வாழ்நாள் முழுக்கக் கொண்டாடுகிற ஆள் ஓர் உதைப்பாளர் தானே?" என்றேன். அவன் என்னை இரக்கத்துடன் பார்த்தான். "அம்மப்பா, அவங்கள் பயிற்சியிலை ஒரு மூலையிலை தனிய நிண்டவங்கள். நீங்கள் பார்க்கேல்லையா?" என்றான். பார்த்தேன்தான். பந்து இல்லாத இடத்தைப் பார்க்கும் வித்தை அவனுக்கும் கைவந்திருந்தது.

அன்றிரவு சாப்பாட்டின் பின், பேரன் மாடிக்குப் போனதும், மகள் என் முன்னால் அமர்ந்தாள். நான் என் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். கண்டவற்றை ஒழுங்காகச் சொன்னேன். பஞ்சு வளையம், ஊதுகுழல், நீர்த்தொட்டி, விழுந்த மாணவர். பின்னர் படித்தறிந்தவற்றையும் சொன்னேன். பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த பின் தானமளிக்கப்பட்ட 202 புட்போல் வீரர்களின் மூளைகளில் 177 இல் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் உண்டாகும் மூளைச் சிதைவு காணப்பட்டது. தொழில்முறை வீரர்கள் 111 பேரில் 110 பேருக்கு. கல்லூரியோடு நிறுத்தியவர்கள் 53 பேரில் 48 பேருக்கு. உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்தியவர்கள் 14 பேரில் 3 பேருக்கு. நோய்க்குறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்யும் என்பதால் இதை எல்லா வீரர்களுக்கும் பொருத்திப் பார்க்கக்கூடாது என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். மறுபக்கத்தையும் சொன்னேன். நியூஜேர்சி உயர்நிலைப் பள்ளிகளில் பருவகாலத்தில் முழு மோதல் பயிற்சியை வாரத்துக்கு 90 நிமிடங்களிலிருந்து 15 நிமிடங்களாக 2019 இல் குறைத்துவிட்டார்கள். உந்த ஆட்டம் முன்னர் இருந்ததைவிடப் பாதுகாப்பானது, ஆபத்தற்றது அன்று. இப்படி, இரு தரப்பையும் சம அளவில் வைத்து, நாற்பது வருடப் பழக்கத்தின்படி செய்தியை முடித்தேன்.

மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அப்பா, நான் உங்களிட்டைச் செய்தி கேக்கேல்லை. முடிவு கேட்டனான்."

நான் பேசாமல் இருந்தேன். அவள் தொடர்ந்தாள். "நிமலராஜன் அண்ணையைச் சுட்ட அண்டு இரவு நினைவிருக்கோ? அம்மா வாசல்லையே நிண்டவ. நானும் நிண்டனான். நீங்கள் வந்து சாப்பிட்டிட்டு, விடியப் பிறகும் வேலைக்குப் போனீங்கள். நாங்கள் ஒருத்தரும் மறிக்கேல்லை. மறிச்சிருக்க வேணுமோ எண்டு நான் இப்பவும் யோசிக்கிறனான்."

மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டது 2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி இரவு. மகள் அப்போது பள்ளி மாணவி. இருபத்தைந்து வருடங்களாக அவள் இதை என்னிடம் கேட்டதில்லை. அன்று மறித்திருந்தால் நான் நின்றிருப்பேனா? நின்றிருக்கமாட்டேன். அதைச் சொல்ல வாய் வந்தது. ஆனால் அதையே பேரனுக்கும் நியாயமாக்க முடியுமா என்று யோசித்தபோதுதான், எனக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. நான் போனது எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தது. வளர்ந்த மனிதனாக, விலை என்னவென்று அறிந்து, அதைக் கொடுக்க உடன்பட்டுப் போனேன். அது சரியா பிழையா என்பது வேறு விடயம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விலை தெரியாது. மைதானத்தில் அவன் முகத்தில் நான் கண்டது துணிவு அன்று, அறியாமை. துணிவு என்பது அறிந்த பிறகு வருவது.

இன்னொரு தரவும் எனக்குக் கைகொடுத்தது. அதே பொஸ்டன் ஆய்வாளர்கள் 2019 இல் 266 வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து, ஆடும் ஒவ்வொரு வருடத்துக்கும் அந்தச் சிதைவு இருப்பதற்கான சாத்தியம் 30 சதவீதத்தால் கூடுகிறது என்று கண்டார்கள். ஓர் அடியைவிட, வருடங்களின் எண்ணிக்கையே கணக்கு. அப்படியானால் ஒத்திவைப்பது கோழைத்தனம் அன்று.

"இப்ப வேண்டாம்" என்றேன் மகளிடம். "பதினாறு முடியட்டும். கழுத்தும் புத்தியும் கொஞ்சம் முற்றட்டும். இந்த ஆய்வுகளை அவனே வாசிக்கட்டும். அதுக்குப் பிறகும் வேணும் எண்டு கேட்டால், மறிக்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டாவது வாங்கிலை இருக்கப் பழகவேணும். இதுதான் என்ர முடிவு."

முதல் பாதிக்கு அவள் தலையாட்டினாள். இரண்டாவது பாதிக்கு எதுவும் சொல்லவில்லை.

பேரனுக்கு நானே சொன்னேன். பதினாறு வயதில் புதிதாகத் தொடங்குபவனை எந்தப் பயிற்றுநரும் பொருட்படுத்தமாட்டார், மற்றவர்கள் இரண்டு வருடம் முன்னே போயிருப்பார்கள் என்றான். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. என் முடிவு அவனுக்கு ஒத்திவைப்பு அன்று, இழப்பு என்பதை நான் மறைக்கவில்லை. நான்கு நாட்கள் அவன் என்னுடன் பேசவில்லை. நான் இரசிகனாக இருந்த ஆட்டத்தை அவனுக்கு நானே மறுத்தேன் என்பது அந்த நான்கு நாட்களும் என்னை உறுத்தியது. செப்ரெம்பரில் பருவம் தொடங்கினால் மருமகனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, பிறர் பிள்ளைகள் மோதுவதைப் பார்த்து நான் கைதட்டுவேன். அந்த முரண்பாட்டுக்கு என்னிடம் விடை இல்லை. கைதட்டும்போது அந்த அகராதிச் சத்தம் இனி என் காதில் கேட்கும் என்பது மட்டும் நிச்சயம்.

ஐந்தாம் நாள் காலை, நான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் அவன் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "நீங்கள் சொன்னதை எழுதித் தாங்கோ அம்மப்பா. பதினாறு வயதிலை கேட்டால் மறிக்கமாட்டம் எண்டு. பிறகு ஆக்கள் மறந்திடுவினம்" என்றான். வாழ்நாளில் நான் எழுதிய மிகக் குறுகிய செய்தி அது. மூன்று வரி. திகதியிட்டுக் கையொப்பமிட்டேன். அவன் அதைக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பழைய படிவத்துக்கு மேலேயே காந்தத்தால் ஒட்டினான். தாயார் கையொப்பமிடுவதற்கென்று என் கையொப்பத்துக்குக் கீழே கோடு ஒன்றும் கீறி வைத்தான்.

நான் ஊருக்குத் திரும்பும்வரை மகள் அந்தக் கோட்டில் கையொப்பமிடவில்லை. அந்தத் தாளைக் கழற்றி எறியவும் இல்லை.